மிலியா காட்டிய புகை

பேச அனுமதியும் தந்து, பேசாமல் இறங்கக் கூடாது என்ற ஆணையும் தந்து, காப்பிக்கடை மேசைகளை ஒட்டிப்போட்ட இந்த மேடையின் நடுவே, நாற்காலி ஆடாமலிருக்க ஒரு காலை அழுத்தி ஊன்றியபடி அமர்ந்திருக்கும் அவைத்தலைவர், அரசாங்கத்தின் சமாதான அதிகாரி, பெல்லாமி துரை அவர்களே! துரை சொல்வதை எங்களுக்கும் நாங்கள் சொல்வதைத் துரைக்கும் எடுத்துச் சொல்லி, இரண்டு பக்கத்து வசவையும் ஒரே முதுகில் வாங்கிக்கொள்ளும் மொழிபெயர்ப்பாளர் ஒனிக் அவர்களே! ஊர்த்தலைவரும் என் வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரருமான முக்தார் யாக்குமிஸ் அண்ணன் அவர்களே! மணி இருந்தும் அடிக்க வழியில்லாத மணிக்கூண்டின் நிழலில் நிற்கும் பாதிரியார் அவர்களே! கையில் துப்பாக்கியும் கண்ணில் தூக்கமுமாகக் காவல் நிற்கும் போலீஸ் தம்பிகளே! கலோபெத்ராவின் பெரியோர்களே, ஓடைக்கு அக்கரையிலிருந்து அழைக்காமலே வந்து நிற்கும் துருக்கியச் சொந்தங்களே, அடுப்பில் எண்ணெயைக் காயவைத்துவிட்டுப் பாதி மனத்தோடு வந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் ஒவ்வொருவருக்கும் தலைதாழ்த்தி, தாழ்த்திய தலையை நிமிர்த்தி, நிமிர்ந்த நெஞ்சோடு வணக்கம் சொல்லித் தொடங்குகிறேன்.

என்ன? சத்தமாகவா? இதற்கு மேல் சத்தம் போட்டால் அனுமதியில்லாமல் மணியடித்த குற்றத்தில் என்னையும் பிடித்துக்கொண்டு போவார்கள். நீங்கள்தான் கொஞ்சம் கிட்டே வாருங்கள்.

நான் யார் என்று துரைக்குச் சொல்ல வேண்டும். என் பெயர் பியெரிஸ். தேவாலயத்தில் வலப்பக்கம் நின்று பாடுகிறவன். கல்யாணமானால் மாப்பிள்ளையை வாழ்த்தவும், சாவானால் செத்தவரைப் புகழவும், இந்த ஊரில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். வாழ்த்தா, ஒப்பாரியா என்று தெரிந்துவிட்டால் நான் விடியவிடியப் பேசுவேன். இன்று எதற்குக் கூப்பிட்டார்கள்? வாழ்த்தவா, ஒப்பாரி வைக்கவா? அதுதான் எனக்கு விளங்கவில்லை. காலையிலிருந்து விளங்கவில்லை.

மேடை ஏறும் முன் மூன்று பேர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். முதலில் முக்தார் அண்ணன். "பியெரிஸ், நீட்டி முழக்காதே. 'தப்புப் பண்ணிட்டோம், மன்னிச்சிடுங்க'ன்னு ரெண்டு வார்த்தை. இறங்கிடு. அவ வீடு வந்து சேந்துடுவா" என்றார். சரி என்றேன். அடுத்த அடி வைக்கும் முன் பாதிரியார். "பியெரிஸ், நன்றி சொல்லு, நலம் விசாரி, என்ன வேணா சொல்லு. தப்புப் பண்ணினோம்னு மட்டும் சொல்லிடாதே. பண்ணாத தப்பை ஒத்துக்கிட்டா பண்ணினதாவே ஆயிடும்" என்றார். அதற்கும் சரி என்றேன். மூன்றாவதாக லோயிஸோஸ், மிலியாவின் புருஷன். அவன் இழுக்கக்கூட இல்லை, பிடித்துக்கொண்டு நின்றான். "அண்ணே, நீங்க எதையாவது பேசுங்க. எனக்கு மிலியா வேணும்." அவ்வளவுதான் சொன்னான். மூன்று பேருக்கும் சரி சொல்லிவிட்டு ஒரு வாயோடு ஏறி நிற்கிறேன். இருதலைக்கொள்ளி எறும்பு என்பார்கள். எனக்கு மூன்று தலை!

சிரியுங்கள், சிரியுங்கள். சிரிப்புக்கு இன்னும் தடை வரவில்லை.

அவையோரே! கூடிப் பேசக் கூடாது என்றார்கள்; கூடாமல் இருந்தோம். ஐந்து பேருக்கு மேல் சேர்ந்து நிற்கக் கூடாது என்றார்கள். தாயும் தகப்பனும் நான்கு பிள்ளைகளும் உள்ள வீட்டில் ஒரு பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டுச் சோறு தின்றோம். கொடி கூடாது என்றார்கள். மடித்துப் பெட்டிக்குள் வைத்தோம். இன்று காலை இதே போலீஸ் தம்பிகள் வீடு வீடாக வந்து, "எல்லாரும் மைதானத்துக்கு வாங்க, வராதவங்க மேல வழக்கு" என்றார்கள். நேற்றுவரை கூடினால் குற்றம், இன்று கூடாவிட்டால் குற்றம்! துரை அவர்களே, நாங்கள் கீழ்ப்படியத் தயார். எதற்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று காலையிலேயே சொல்லிவிட்டால் போதும்.

ஒனிக், அதை மொழிபெயர்த்துவிட்டீர்களா? இவ்வளவு நீளத்துக்கு நான் பேச, நீங்கள் மூன்று சொல்லில் முடித்துவிட்டீர்களே! "நன்றி தெரிவிக்கிறார்" என்று சொல்லிவிட்டீர்களா? நல்ல மனிதர் ஐயா நீங்கள்.

எங்கே விட்டேன்? ஆம், தீ. தீயிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. போன ஆண்டு ஐப்பசியில், நம் சைப்ரஸ் தீவின் தலைநகரில் ஆளுநர் மாளிகை எரிந்தது. ஏன் எரிந்தது? வரி மேல் வரி வந்து விழுந்ததால் எரிந்தது. கேட்டுக் கேட்டு அலுத்த வாய்கள் கத்தத் தொடங்கியதால் எரிந்தது. கத்தியும் கேளாத காதுகள் கதவைச் சாத்திக்கொண்டதால் எரிந்தது. எரித்தது சரி என்று நான் சொல்லவில்லை. கூரை ஏறிக் கொள்ளி வைப்பவனுக்கு நான் பாட்டுப் பாட மாட்டேன். ஆனால் அந்தத் தீயைக் கலோபெத்ரா மூட்டியதா? நம்மில் பாதிப்பேர் தலைநகரைக் கண்ணால் பார்த்ததில்லை! மாளிகை எரிந்த சேதியே நமக்கு ஒரு கழுதைக்காரன் சொல்லித்தான் தெரியும். அவன் சொல்லும்போது மாளிகை ஆறிப்போயிருந்தது.

ஆனால் தண்டனை ஆறவில்லை. ஊர் ஊராகக் கப்பற்படை ஆட்கள் வந்தார்கள். ஆயர்களையும் தலைவர்களையும் கப்பலேற்றிக் கடல் கடத்தினார்கள். எரித்த கைக்கும் விலங்கு, எரிக்காத ஊருக்கும் விலங்கு. நம் மணி செய்த குற்றம் என்ன? ஞானஸ்நானத்துக்கு அடித்தது, சாவுக்கு அடித்தது, வெட்டுக்கிளி வந்தால் அடித்தது. அதன் நாக்கைக் கயிறு போட்டுக் கட்டினார்கள். பாதிரியார் அந்தக் கயிற்றைத் தன் கையாலேயே கட்டினார். கட்டிவிட்டு இறங்கி வந்து என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிறகு சமாதானக் குரல்கள் எழுந்தன. இங்குள்ள படித்தவர்கள் எழுப்பினார்கள். துரைமாரின் சொந்த நாட்டிலேயே சில நல்லவர்கள் எழுப்பினார்கள். "அடித்தது போதும், அணைத்துப் பாருங்கள், அவர்கள் சொல்வதையும் கேளுங்கள்" என்றார்கள். அரசாங்கம் யோசித்தது. ஊர்களுக்குப் போய்க் குறை கேட்க ஒரு சமாதான அதிகாரியை நியமித்தது. தை மாதத்தில் நம் ஊருக்கு வருகிறார் என்று முக்தார் அண்ணன் சொன்னபோது, மறைப்பானேன், நாம் மகிழ்ந்தோம். குறை கேட்க வருகிறவர் விருந்தாளி. நம் ஊரில் விருந்தாளிக்கு மேல் ஒருவர் உண்டென்றால் அவர் வானத்தில் இருக்கிறார்.

ஆனால் வரவேற்பது எப்படி? மணியடித்து வரவேற்பது நம் வழக்கம்; மணிக்குத் தடை. ஊர் திரண்டு எல்லைக்குப் போவது வழக்கம், திரள்வதற்குத் தடை. கொடி கட்டலாம் என்றால் நம்மிடம் இருந்த ஒரே கொடி பெட்டிக்குள். கூடிப் பேசி முடிவெடுக்கவும் வழியில்லை. நாலு பேர் எண்ணெய்ச் செக்கில், நாலு பேர் கொல்லன் பட்டறையில், நாலு பேர் ஓடைக்கரையில் என்று பிரிந்து பேசினோம். செக்கில் "துரைக்கு ஆட்டுக்குட்டி அறுப்போம்" என்று கிளம்பிய தீர்மானம் பட்டறைக்குப் போய் "அறுக்கலாமா" என்று ஆனது. ஓடைக்கரைக்குப் போய் "யாரு வீட்டு ஆடு" என்று ஆனது. திரும்பிச் செக்குக்கு வந்து சேர்வதற்குள் இரண்டு மச்சான்களுக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோனது. ஐந்து பேருக்கு மேல் கூடாத ஊர் எப்படி நடக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அப்போதுதான் மிலியா வந்தாள். மிலியா யார் என்று தெரியாதவர் இந்த மைதானத்தில் இல்லை. துரைக்கும் அவள் முகம் தெரியும். கையில் நெருப்போடு தெரியும். ஆடு மேய்க்கும் லோயிஸோஸின் மனைவி, கைக்குழந்தைக்காரி. ஊரே கையைப் பிசைந்து நிற்க, அவள் இடுப்பில் குழந்தையோடு செக்குக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன அண்ணே, ஆம்பளைங்க எல்லாம் இழவு வீட்டுல உக்காந்த மாதிரி உக்காந்திருக்கீங்க?"

"துரை வராரு. எப்படி வரவேற்கிறதுன்னு தெரியல. எல்லாத்துக்கும் தடை."

"ஒலிவ இலைக்குத் தடை இருக்கா?"

"அதுக்கு இல்ல."

"அப்புறம் என்ன? வீட்டுக்கு வரவங்களுக்குப் புகை காட்டறதில்லையா? அவரு என்ன, கண்ணுபடாத மனுஷனா? தலைநகர்லேர்ந்து இத்தனை ஊரு தாண்டி வராரு, எத்தனை பேரு வயிறெரிஞ்சு பாத்திருப்பாங்க! பாவம்."

பாவம் என்றாள், துரை அவர்களே. உங்களைத்தான் பாவம் என்றாள். ஒனிக், இதை மட்டும் முழுசாகச் சொல்லுங்கள்.

வந்தார் துரை. பகல் சாயும் முன் வந்தார். அன்று காலையெல்லாம் மழை. தேவாலயத்தில் வைத்து ஆசீர்வதித்த ஒலிவ இலைகள் ஈரத்தில் நமுத்திருந்தன. தூபக்காலில் தணலைப் போட்டு, இலையைப் போட்டு, மிலியா ஊதுகிறாள்; புகை வருகிறது. பலமாக ஊதுகிறாள்; புகை மண்டுகிறது. இன்னும் ஊதுகிறாள், குப்பென்று தீ எழுகிறது! அந்த நேரத்தில்தான் துரையின் மோட்டார் வளைவில் திரும்பி நின்றது. துரை கதவைத் திறந்து ஒரு கால் வெளியே வைத்தார். மாளிகை எரிந்த ஊரிலிருந்து வந்தவர் என்ன பார்த்தார்? தலையில் கருப்புத் துணி கட்டிய ஒரு பெண், கையில் எரியும் சட்டி, பெட்ரோல் வண்டியை நோக்கி ஓடிவருகிறாள். நான் அவர் இடத்தில் இருந்தால் பயந்திருப்பேனா? பயந்திருப்பேன். நியாயத்தை மறைக்க மாட்டேன்.

துரை பின்வாங்கினார். அங்கேதான், அவையோரே, அங்கேதான் வினை! புகை காட்டும்போது விருந்தாளி பின்வாங்கினால் நம் ஊரில் அதற்கு என்ன பொருள்? சொல்லுங்கள் தாய்மார்களே. கேட்கவில்லை. ஆம்! "கண்ணேறு கனமா இருக்கு, விடாதே!" அதுதான் பொருள். பின்வாங்கும் குழந்தையைப் பிடித்து வைத்துச் சுற்றுவோம். பின்வாங்கும் மாப்பிள்ளையைத் தோளை அழுத்திச் சுற்றுவோம். மிலியாவும் அதைத்தான் செய்தாள். துரை வண்டிக்குள் போனார். அவள் ஜன்னலுக்குள் கையை விட்டாள். "ஐயோ, இவருக்கு ரொம்பப் பட்டிருக்கு!" என்று கத்திக்கொண்டே மூன்று சுற்றுச் சுற்றினாள். துரை கையால் தட்டினார். தணல் தெறித்தது. இருக்கை பற்றியது. துரையின் மணிக்கட்டு வெந்தது. வண்டியோட்டி வண்டியிலிருந்து குதித்தான், காவலர் பாய்ந்தார்கள். அவள் கீழே விழுந்தும் தூபக்காலை விடவில்லை. "கொட்டிடும், கொட்டிடும், பாத்து!" என்று தன்னைப் பிடித்தவனுக்கே எச்சரிக்கை சொன்னாள்.

அரசாங்க அதிகாரியை உயிரோடு கொளுத்த முயன்றதாகக் குற்றச்சாட்டு. அன்று போனவள், இன்னும் வரவில்லை.

மெதுவாக, மெதுவாக. கத்த வேண்டாம். தம்பி, துப்பாக்கியை இறக்கு. அவர்கள் அழுகிறார்கள், வேறொன்றுமில்லை.

இன்று துரை மீண்டும் வந்திருக்கிறார். சமாதானத்தோடு வந்திருக்கிறார். அவர் வைத்த நிபந்தனையை முக்தார் அண்ணன் நமக்குச் சொன்னார். ஊர் கூடி, ஊர் சார்பில் ஒருவர், "அன்று நாங்கள் செய்தது தாக்குதல், அது எங்கள் குற்றம், மன்னியுங்கள்" என்று பொதுவில் சொல்ல வேண்டும். சொன்னால் ஆளுநர் கருணை காட்டுவார். மிலியா வீட்டுக்கு வருவாள். சொல்லாவிட்டால் வழக்கு நடக்கும். வழக்கு நடந்தால் எப்படி முடியும் என்று மணிக்கட்டில் வடு உள்ள சாட்சியைப் பார்த்தாலே தெரிகிறது.

ஒரு பொய்தானே, சொல்லிவிடலாம் என்று நானும் நினைத்தேன். ஆனால் லோயிஸோஸ் போனவாரம் சிறைக்குப் போய் அவளைப் பார்த்தான். கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் சொன்னதை அவன் வாயாலேயே என்னிடம் சொன்னான். "ஊர்ல சொல்லிடு. வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கொளுத்தப் போனேன்னு மட்டும் யாரும் சொல்ல வேணாம். அப்படிச் சொல்லி என்னை வெளிய எடுத்தா, நான் யார் வீட்டு வாசப்படி மிதிப்பேன்? என் பொண்ணை நாளைக்கு எவன் கட்டுவான்? விருந்தாளிக்குத் தீ வெச்சவ மகன்னு சொல்ல மாட்டாங்களா?"

கேட்டீர்களா? நான் என்ன செய்வேன்? சொன்னால் அவள் உடம்பு வீட்டுக்கு வரும். அவள் மானம் சிறையில் கிடக்கும். சொல்லாவிட்டால் மானம் வீட்டில் இருக்கும்; அவள் சிறையில் கிடப்பாள். எதைச் சொல்ல? எதை விட? சமாதானம் என்ற சொல்லை நான் பாட்டில் ஆயிரம் முறை பாடியிருக்கிறேன். அதற்கு விலையாக ஒரு பெண்ணின் பெயரைக் கேட்பார்கள் என்று எந்தப் பாட்டிலும் எழுதியிருக்கவில்லை. நெஞ்சம் குழம்புகிறது, நினைவு குழம்புகிறது, நாக்கு குழம்புகிறது...

யாரது? லோயிஸோஸா? விடுங்கள், பேசட்டும்.

"அண்ணே! அவ சொன்னதை நான்தான் வந்து சொன்னேன். சொல்லாம இருந்திருக்கலாம். இப்ப நான் சொல்றேன், மன்னிப்புக் கேட்டுடுங்க. குழந்தைக்கு அவ முகம் மறந்துபோச்சு. ஹவ்வா அக்காவைத்தான் அம்மான்னு தேடுது. நான் தூக்கினா அழுது."

ஹவ்வா அங்கே நிற்கிறாள், துரை அவர்களே. ஓடைக்கு அக்கரைத் துருக்கிய வீட்டுப் பெண். தன் மகனுக்கு ஒரு பக்கம், மிலியாவின் மகளுக்கு ஒரு பக்கம் என்று பால் கொடுத்து வளர்க்கிறாள். ஹவ்வா, நீ ஏதோ சொல்ல வந்தாயே, சொல்லம்மா. வெட்கப்படாதே, இங்கே எல்லாரும் உன் ஊர்க்காரர்கள்தான்.

"நான் என்ன சொல்றது. யார் வீட்டு வாசப்படி மிதிப்பேன்னு கேட்டாளாம். என் வீட்டுப் படி என்ன, இடிஞ்சா போச்சு? முதல்ல என் வீட்டுக்கு வரட்டும். எல்லாத்துக்கும் முன்னாடி நான்தான் அவளுக்குப் புகை போடுவேன். எவளாவது வாய் திறக்கட்டும், பாக்கறேன்."

கைதட்டுங்கள்! இதற்குத் தட்டாமல் எதற்குத் தட்டப்போகிறீர்கள்? நான் இவ்வளவு நேரம் அலங்காரமாகப் பேசியும் அவிழாத முடிச்சை அந்தப் பெண் பாதி அவிழ்த்துவிட்டாள். மீதிப் பாதி? பொய் இன்னும் பொய்தானே. அது தொண்டையில் நிற்கிறதே.

என்ன முக்தார் அண்ணா? என் கோட்டை இழுக்காதீர்கள், தையல் விட்டுவிடும். "நேரமாச்சு"வா? ஆமாம், தெரியும். மாலைப் பூசைக்கு நேரமாச்சு. இன்று ஈஸ்டர் நோன்புக்கு முந்தின ஞாயிறு...

நில்லுங்கள். நில்லுங்கள். இன்று நோன்புக்கு முந்தின ஞாயிறு!

துரை அவர்களே, ஒரு கதை சொல்கிறேன். எனக்கும் முக்தார் அண்ணனுக்கும் பகை. அவர் ஆடு என் திராட்சைக் கொடியைத் தின்கிறது. தின்னவே இல்லை என்று அவர் சொல்கிறார். ஆண்டு முழுக்கச் சண்டை. "உன் ஆட்டுக்கு வாயா, அரிவாளா?" என்பேன். "உன் கொடியில காய்ச்சாத்தானேடா தின்னும்!" என்பார். ஆனால் நோன்புக்கு முந்தின ஞாயிறு மாலை, தேவாலயத்து வாசலில், நான் அவர் முன்னால் குனிந்து "என்னை மன்னித்துவிடு" என்பேன். ஆடு தின்றது என் கொடியை. மன்னிப்புக் கேட்பது நான்! அவர் என்ன சொல்வார்? சொல்லுங்கள் அண்ணா, ஆண்டுதோறும் என்ன சொல்வீர்கள்?

"கடவுள் மன்னிப்பாரு. நீயும் என்னை மன்னிச்சிடு."

அதேதான்! அந்தச் சாயங்காலம் யார் தவறு செய்தது என்று எவரும் கேட்பதில்லை. தவறு செய்யாதவனும் குனிகிறான், செய்தவனும் குனிகிறான். மாமியார் மருமகளிடம் குனிகிறாள். பாதிரியார் எங்களிடம் குனிகிறார். மன்னிப்புக் கேட்டவனிடம் பதிலுக்கு மன்னிப்புக் கேட்டே ஆக வேண்டும். பாதியில் நிறுத்த வழியில்லை. மறுநாள் ஆடு மறுபடி கொடியைத் தின்னும், அது வேறு கதை. ஆனால் நோன்புக்குள் நுழையும்போது எங்கள் ஊரில் எவன் கழுத்திலும் எவன் கையும் இருப்பதில்லை.

ஒனிக், இனிமேல் நான் சொல்வதில் ஒரு சொல்லையும் விழுங்காதீர்கள். மூன்று சொல்லாகச் சுருக்காதீர்கள். நான் துரையை ஏமாற்றவில்லை. ஏமாற்றினேன் என்ற பெயரும் எனக்கு வேண்டாம். சொல்லுங்கள்: மிலியா உங்களைக் கொளுத்த வரவில்லை. அதை நாங்கள் ஒப்புக்கொள்ள மாட்டோம்; இன்றும் மாட்டோம், என்றும் மாட்டோம். ஆனாலும் உங்களிடம் மன்னிப்புக் கேட்கப்போகிறோம். உங்கள் கை வெந்தது உண்மை. உங்களுக்கு வலித்தது உண்மை. நீங்கள் பயந்தீர்கள், நாங்கள் விளக்கவில்லை, அதுவும் உண்மை. எங்கள் வழக்கப்படி கேட்கிறோம்.

சொல்லிவிட்டீர்களா? என்ன கேட்கிறார்?

"துரை கேக்கிறாரு: குற்றத்தை ஒத்துக்கறீங்களா, இல்லையா?"

இல்லை என்று சொல்லுங்கள்.

"அப்ப மன்னிப்பு எதுக்குன்னு கேக்கிறாரு. அவருக்குக் குழப்பமா இருக்காம்."

குழப்பமா! வாருங்கள் துரை அவர்களே, வாருங்கள்! ஐப்பசியிலிருந்து நாங்கள் இருக்கும் இடத்துக்கு இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறீர்கள்! ஆளும் கை அடிக்கிறது, ஆளும் கையே அணைக்கிறது, அடிக்கும் கை எது அணைக்கும் கை எது என்று தெரியாமல் நாங்கள் தவித்த தவிப்பில் ஒரு துளி உங்களுக்கும் கிடைத்ததே! குழம்பியவர்கள் ஒரு பக்கம், குழப்பியவர்கள் ஒரு பக்கம் என்று இருந்தால் சமாதானம் வராது. இரண்டு பேரும் குழம்பினால் ஒருவேளை வரலாம்.

பெரியோர்களே, தாய்மார்களே, எழுந்திருங்கள். அக்கரைச் சொந்தங்களே, இது உங்கள் வழக்கமில்லை. நீங்கள் சும்மா நில்லுங்கள். என்ன ஹவ்வா, நீயும் குனிவாயா? உன் இஷ்டம், தாயே.

துரை பெல்லாமி அவர்களே. கலோபெத்ராவின் சார்பில், தவறு செய்தவர் சார்பிலும் செய்யாதவர் சார்பிலும், சிறையில் இருக்கும் மிலியாவின் சார்பிலும் குனிகிறேன். எங்களை மன்னித்துவிடுங்கள்.

போலீஸ் தம்பிகளில் ஒருவன் குனிந்ததை நான் பார்க்கவில்லை. நீங்களும் பார்க்கவில்லை.

துரை எழுந்துவிட்டார். தொப்பியைக் கழற்றிவிட்டார். ஒனிக், என்ன சொல்கிறார்?

"மன்னிச்சிட்டேங்கிறாரு. ஆளுநர் தந்த அதிகாரத்துல, முழு மனசோட மன்னிச்சிட்டேங்கிறாரு. அந்தப் பொம்பளையை வியாழக்கிழமை விட்டுடுவாங்களாம்."

வியாழன்! லோயிஸோஸ், கேட்டாயா? உட்காராதே, விழுந்துவிடாதே, யாராவது அவனைப் பிடியுங்கள்! அவள் வருகிறாளடா, எந்தப் பொய்யும் சொல்லாமல் வருகிறாள்!

சற்று அமைதி. அமைதி! இன்னும் முடியவில்லை. யாரும் நிமிராதீர்கள். ஒனிக், துரையிடம் சொல்லுங்கள்: பாதி ஆயிற்று, மீதிப் பாதிக்காக நிற்கிறோம். "நீங்களும் என்னை மன்னியுங்கள்" என்று ஒரே ஒரு வரி. எங்களுக்காக வேண்டாம். தை மாதத்திலிருந்து தாய்ப்பால் மறந்த அந்தக் குழந்தையைப் பார்த்துச் சொன்னால் போதும். சொல்லுங்கள், நாங்கள் காத்திருக்கிறோம்.

...ஏன் ஒனிக், இவ்வளவு நேரம்? துரை தன் வெந்த கையை ஏன் பார்க்கிறார்? என்ன சொன்னார்?

"சொல்லணும்னுதான் இருக்காம். ஆனா, மன்னிக்கிறதுக்குத்தான் அவருக்கு அதிகாரம் கொடுத்திருக்காங்களாம். மன்னிப்புக் கேக்கறதுக்குக் கொடுக்கலையாம்."

நிமிருங்கள், என் மக்களே. நிமிருங்கள். இனிக் குனிந்து நிற்பதில் பயனில்லை.

இது வெற்றியா? தெரியவில்லை. தோல்வியா? அதுவும் தெரியவில்லை. அவள் வருகிறாள், அது தெரியும். ஆண்டு முழுக்க ஆட்டை என் கொடியில் மேயவிடும் யாக்குமிஸ் அண்ணனுக்குக்கூட உள்ள, மன்னிப்புக் கேட்கும் அதிகாரம், கடலையும் கப்பலையும் எங்கள் மணியின் நாக்கையும் ஆளுகிறவர்களுக்கு இல்லை. அதுவும் இன்று தெரிந்தது. இவ்வளவு நாளும் இவர்களைப் பார்த்து நான் பயந்துகொண்டிருந்தேன். இன்று முதல்முறையாகப் பரிதாபப்படுகிறேன். பரிதாபப்பட எனக்கு எவருடைய அனுமதியும் வேண்டியிருக்கவில்லை.

மன்னிக்க வந்த துரைக்கு நன்றி. கேட்க மனமிருந்தும் வாயில்லாத அந்த மனிதருக்கு, அவர் கேட்காமலே, எங்கள் ஊர் மன்னிப்பு. ஒனிக், இந்தக் கடைசி வரியை மொழிபெயர்க்க வேண்டாம். இல்லை, இல்லை, சொல்லிவிடுங்கள். மெதுவாக, அவர் காதில் மட்டும் சொல்லுங்கள்.

லோயிஸோஸ், கோவேறு கழுதைக்கு இன்றே தீனி வை. தாய்மார்களே, எண்ணெய் கருகுவதற்குள் வீட்டுக்குப் போங்கள். உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.